கும்மிடிப்பூண்டியில நிக்காத வண்டி

வெளி மாநிலத்துக்குப் படிக்கப் போறியாமே பேராண்டி? டீக்கடையில பேசிக்கினாங்க. உங்கப்பன் தெரு பூரா ஸ்வீட்டு குடுத்துட்டு, ‘தாத்தாவுக்கு சுகரு’ன்னு சொல்லி என் வூட்ட மட்டும் தாண்டிப் போய்ட்டான். பரவால்ல. ஸ்வீட்டு வாங்குனவன் வாழ்த்துவான், வாங்காதவன் புத்தி சொல்லுவான். செல்ல உள்ள வச்சிட்டு இப்படித் திண்ணையில குந்து.

மொதல்ல போற வழியத் தெரிஞ்சிக்கோ. டெல்லிக்குப் போற தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் நம்ம ஊரு தண்டவாளத்து மேலதான் ஓடுது. ஓடுதுன்னுதான் சொன்னேன், நிக்குதுன்னு சொல்லல. அதனால நீ பொட்டி படுக்கையோட எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, கவரப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர்னு ஒவ்வொரு ஸ்டேஷனா எண்ணிக்கினு 48 கிலோமீட்டர் தெக்கால சென்ட்ரலுக்குப் போவணும். அங்க டெல்லி வண்டியப் புடிச்சி, ஒரு மணி நேரத்துல திரும்ப இதே கும்மிடிப்பூண்டிய எம்பது கிலோமீட்டர் வேகத்துல தாண்டணும். உங்கம்மா அதுக்குள்ள அழுது முடிச்சிட்டு சீரியல் பாத்துக்கினு இருப்பா. அப்பால ரெண்டு ராத்திரி. வடக்க போறவன் மொதல்ல தெக்க போவணும்னு ரயில்வேக்காரன் ஓசியிலயே பாடம் எடுக்கறான். இனிமே எடுக்கறவன் எல்லாம் ஃபீஸ் கேப்பான்.

உன் சேக்காளி ஒருத்தன் இருக்கான் பாரு, ஸ்ரீசிட்டிக்குப் போறானே, அவனும் வெளி மாநிலம்னுதான் பீத்திக்கினு திரியறான். எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டி தடாவுல எறங்கினா பக்கத்துலயே இருக்குது. கிண்டிக்குப் போறதுக்குள்ள இவன் போய்ட்டு வந்து வூட்ல தூங்கிருப்பான். அங்க 2013ல ஐ.ஐ.ஐ.டி. வந்துச்சு, 2018ல கிரேயா யுனிவர்சிட்டி வந்துச்சு. ரெண்டுக்கும் ஸ்ரீசிட்டின்னு பேரு போட்டாலும் மண்ணு சத்தியவேடு பக்கத்து மண்ணு. அந்த சத்தியவேடு யாரோடதுன்னு நெனக்கற? நம்ம செங்கல்பட்டு ஜில்லாவோடது. பொன்னேரி தாலுக்காவுலயும் திருவள்ளூர் தாலுக்காவுலயும் கெடந்த கிராமங்கதான். ம.பொ.சி. திருத்தணிக்கு சண்ட போட்டாரு, படாஸ்கர் வந்து கோடு கிழிச்சாரு, 1960 ஏப்ரல் 1ந் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்துச்சு, சத்தியவேடு ஆந்திராப் பக்கம் போச்சு. ஏப்ரல் ஒண்ணுன்னதும் சிரிக்காத, நெசமாவே அந்தத் தேதிதான். அதுக்கு முன்னாடி பொறந்திருந்தா உன் சேக்காளி உள்ளூர் காலேஜ்ல படிக்கறவன். லேட்டா பொறந்ததால வெளி மாநிலத்து மாணவன். ஹாஸ்டல் வேற கேக்கறானாம்.

இதுல ஒண்ணும் கேவலம் இல்ல. நம்ம ஜில்லாவுல படிச்சி மேல போனவங்கள்ல பெரிய ஆளு யாரு? திருத்தணி ராதாகிருஷ்ணன். 1888ல பொறந்தாரு. திருப்பதியில படிச்சாரு, வேலூர்ல படிச்சாரு, மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சாரு. மைசூர்ல வாத்தியாரு, கல்கத்தாவுல வாத்தியாரு, ஆந்திரா யுனிவர்சிட்டியில துணைவேந்தர், காசியில துணைவேந்தர், நடுவுல ஆக்ஸ்ஃபோர்டு. அவரு இத்தினி ஊரு சுத்தினதுக்கு பதிலா அவரு ஊரே ஒரு சுத்து சுத்துச்சு. பொறந்தப்ப மெட்ராஸ் மாகாணம், 1953ல ஆந்திரா, 1960ல திரும்ப மெட்ராஸ். அப்புறம் 1962ல ஜனாதிபதி ஆனாரு. தத்துவம் எடுத்துப் படிச்ச கதையக் கேளு. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அந்தப் படிப்ப முடிச்சிட்டு புத்தகத்தையெல்லாம் இவருக்குக் குடுத்துட்டான். ஓசி புத்தகம். சரி, இதையே படிப்போம்னு படிச்சாரு. உங்கப்பன் எந்தப் படிப்பு எடுக்கணும்னு கேக்கறதுக்கே ஏஜென்ட்டுக்கு துட்டு குடுத்திருக்கான். ஜனாதிபதி ஆவறியா பாப்போம்.

அந்த ஏஜென்ட்டு பத்தி ஒரு வார்த்த. ‘சார், அட்டெண்டன்ஸே வேணாம், பரிச்சைக்கு மட்டும் போனா போதும்’னு எவனாவது சொன்னா, அவன் உனக்கு சீட்டு விக்கல, கட்டம் போட்ட காகிதம் விக்கறான். பார்டர் தாண்டி வக்கீலுக்குப் படிச்சேன்னு சொல்லிக்கினு, எந்தத் தெருவுல அந்த காலேஜு இருக்குதுன்னு கேட்டா முழிக்கறவனுங்க நெறைய பேரு. லெட்டர் பேடு காலேஜுன்னு நம்ம ஐகோர்ட்டே திட்டியிருக்குது. யு.ஜி.சி. வேற வருஷா வருஷம் போலி யுனிவர்சிட்டி பட்டியல் போடுது. அதுல டெல்லி அட்ரஸுங்க வரிசையா நிக்குது. தலைநகரம் இல்லியா, எல்லாத்துலயும் தலைதான். துட்டு கட்டறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியல ஒரு தடவ பாரு. பொண்ணு பாக்கப் போறப்ப மட்டும் நாலு ஊர்ல விசாரிக்கறீங்களே.

சர்டிபிகேட்டு விஷயம்தான் பெரிய கூத்து. இங்க நீ எம்.பி.சி.ன்னு நெஞ்ச நிமித்திக்கினு கவுன்சிலிங்ல போய் நிப்ப. 69 சதவீதம் இட ஒதுக்கீடு உள்ள ஊரு, மரியாதை இருக்குது. சென்ட்ரல் யுனிவர்சிட்டிக்குப் போனா பி.சி., எம்.பி.சி. எதுவும் அவன் காதுல ஏறாது. அங்க ஓ.பி.சி.தான், 27 சதவீதம். அதுவும் உன் சாதி சென்ட்ரல் லிஸ்ட்ல இருக்கணும், கிரீமி லேயர் கணக்குல வருஷத்துக்கு 8 லட்சம்னு கோடு போட்டு வச்சிருக்கான், அதுக்குள்ள வரணும். தாசில்தார் ஆபீஸ்ல வாங்குன பழைய சாதி சர்டிபிகேட்ட லேமினேஷன் பண்ணி எடுத்துக்கினு போவாத. சென்ட்ரல் ஃபார்மட்டுல தனியா வாங்கணும், அதுவும் அந்தந்த வருஷத்துக்கு. ஜூன் மாசம் எல்லாரும் இ-சேவை மையத்துல வரிசையில நிக்கறப்ப நீயும் போய் நிக்காத, இப்பவே போ. உங்கப்பன் ‘எனக்கு ஆர்.ஐ.யத் தெரியும்’னு சொல்லுவான். ஆர்.ஐ.க்கு உங்கப்பனத் தெரியுமான்னு கேளு.

இருளர் தெரு புள்ளைங்ககிட்ட மட்டும் இந்த மாதிரி நையாண்டி பேச எனக்கு வாய் வராது. எஸ்.டி. சர்டிபிகேட்ட கோட்டாட்சியருதான் குடுக்கணும். நீ எந்த ஊரு, உங்க தாத்தன் இன்னா பண்ணான், பாம்பு புடிப்பானா, எலி புடிப்பானான்னு கேள்வி கேட்டே வருஷத்த ஓட்டிடறாங்க. அந்த ஒத்தக் காகிதத்துக்கு அதுங்க நடந்த நடைக்கு டெல்லிக்கே நடந்து போய்ட்டு வந்திருக்கலாம். உன் கிளாஸ்ல அந்தத் தெருவுலருந்து ஒரு புள்ள ஃபார்ம் போடுதுன்னா, உன் ஃபார்ம வச்சிட்டு மொதல்ல அதுக்கு நிரப்பிக் குடு.

திருப்பதின்னா கிட்டக்கதானே, அங்கயே போவலாமேன்னு உங்க மாமன் சொன்னானாம். 1954ல ஆரம்பிச்ச வெங்கடேஸ்வரா யுனிவர்சிட்டி, நல்ல எடம்தான். ஆனா மொட்டை போடப் போனா எந்த ஊருன்னு எவனும் கேக்க மாட்டான், சீட்டுக்குப் போனா கேப்பான். ஆந்திராவுல 1974லருந்தே ஜனாதிபதி உத்தரவு ஒண்ணு இருக்குது. 85 சதவீதம் அந்தப் பகுதி புள்ளைங்களுக்கு, மிச்சம் இருக்கற 15லதான் மத்தவங்களும் மோதணும். பெருமாளுக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணு, ரிஜிஸ்ட்ராருக்கு முன்னாடி இல்ல. அதே திருப்பதியில 2015ல வந்த ஐ.ஐ.டி.யும் ஐசரும் இந்தக் கணக்குல சேராது, அதுங்க சென்ட்ரலு. விசாரிச்சிட்டுப் போ.

டெல்லி, காசி, ஐதராபாத் சென்ட்ரல் யுனிவர்சிட்டிக்கெல்லாம் 2022லருந்து க்யூட்னு ஒரு பரிச்சை வச்சிருக்கான். 13 பாஷையில எழுதலாம், தமிழ்லயும் எழுதலாம். ரொம்ப சந்தோஷம். பரிச்சையத் தமிழ்ல எழுதி உள்ள போனப்புறம் வகுப்பும் தமிழ்ல நடக்கும்னு நெனச்சிக்கினு போனவன் ஒருத்தன் பொங்கலுக்குள்ள வூடு திரும்பி வந்துட்டான். வாசலத் தமிழ்ல தொறந்தவன் உள்ள இங்கிலீஷ்லதான் பேசுவான், மெஸ்ஸுல இந்தியிலதான் சோறு போடுவான்.

‘அய்யோ தாத்தா, எனக்கு இந்தி தெரியாதே’ன்னு மூஞ்சத் தொங்கப் போடாத. இந்தி கத்துக்க இத்தினி வருஷமா உன் வூட்டுப் பின்னாலயே ஆளு குடி வச்சிருக்கான் உங்கப்பன். சிப்காட் இரும்பு மில்லுல ஷிப்ட் முடிஞ்சி வர்றானுங்களே, ஒடிசா பசங்க, பீகார் பசங்க, ஜார்க்கண்டு பசங்க, அசாம் பசங்க. உருக்குலைக்கு முன்னாடி நின்னு நின்னு மூஞ்சி கருகிப் போய் வர்றானுங்க. நீ பொறந்ததுலருந்து பாக்கற. ஒருத்தன் பேராவது தெரியுமா உனக்கு? எல்லாருக்கும் நீங்க வச்ச பேரு ஒண்ணே ஒண்ணு, ‘ஏய் பையா’. அவன் வந்த மூணாம் மாசம் எவ்ளோ, தண்ணி, லீவு, சம்பளம் எப்போ அண்ணான்னு தமிழ் பேசிட்டான். நீ பதினெட்டு வருஷத்துல கத்துக்கினது ‘கித்னா’ ஒண்ணுதான், அதுவும் கிரிக்கெட்டு ஸ்கோரு கேக்கறதுக்கு. வாத்தியாரு வாடகை குடுத்துக்கினு பக்கத்துலயே குந்தியிருக்க, நீ யூட்யூப்ல 30 நாளில் இந்தி பாத்துக்கினு இருக்க.

வாடகைன்னதும் ஞாபகம் வருது. உங்கப்பன் அந்த லைன் வூட்டுக்கு ரூமு கணக்குல வாடகை வாங்கறது இல்ல, தலைக்கு இவ்ளோன்னு வாங்கறான். பத்துக்குப் பத்து ரூமுல ஏழு தல. குளிக்க ஒரு கொழா, மோட்டாரு காலையில அரை மணி நேரம். ராத்திரி பாட்டு போட்டா கத்துவான். மீன் வறுத்தா ஒண்ணும் சொல்ல மாட்டான், கடுகெண்ணெ வாசன வந்தா மட்டும் மூக்கப் புடிப்பான். ஊருக்குப் போய்ட்டு வந்தா அட்வான்ஸ்ல கழிப்பான். நல்ல மனுஷன்தான், தப்பா சொல்லல.

இப்ப நீ டெல்லிக்குப் போற. மொத வருஷம் ஹாஸ்டல் கெடைக்கலன்னு வச்சிக்கோ. முனீர்க்காவுலயோ விஜய் நகர்லயோ ஒரு வூட்டுக்காரன் இருப்பான். எந்த ஊருன்னு கேப்பான். தமிழ்நாடுன்னு சொல்லுவ. ‘அச்சா, மதராசி’ன்னு ஒரு தலையாட்டு. நாம கும்மிடிப்பூண்டின்னு அவனுக்கு வரைபடம் போட்டுக் காட்டறதுக்குள்ள அவன் அடுத்த கேள்விக்குப் போய்டுவான். கறி மீனு சமைப்பியா? எத்தினி பேரு வருவானுங்க? ராத்திரி எத்தினி மணிக்கு வருவ? தண்ணி காலையில அரை மணி நேரம்தான். கருவாடு வறுத்தன்னா பொட்டிய வெளிய வச்சிடுவேன். அப்ப அந்த வூட்டுக்காரன உத்துப் பாரு பேராண்டி. மீசை வேற, பாஷை வேற. மூஞ்சி மட்டும் அச்சு அசல் உங்கப்பன் மூஞ்சி.

அதனால நான் சொல்ற புத்தி இதுதான், மத்ததெல்லாம் வாய்ச் சவடால். டெல்லிக்குப் போறதுக்கு முன்னாடி இருக்கற ரெண்டு மாசம் அந்த லைன் வூட்ல போய் குந்து. ஏழு பேரு எப்படி சண்ட போடாம ஒரே அடுப்புல சமைக்கறானுங்கன்னு பாரு. துட்ட எப்படி ஊருக்கு அனுப்பறான், ஜொரம் வந்தா எந்த ஆஸ்பத்திரிக்குப் போறான், போலீஸ்காரன் நிறுத்துனா எந்தக் கார்ட எடுத்து நீட்றான், பாஷை தெரியாத கடையில எப்படி ஏமாறாம சாமான் வாங்கறான்னு கேளு. வெளி மாநிலத்துல பொழைக்கறதுல பட்டம் வாங்குனவனுங்க அவுங்கதான். உங்க காலேஜ்காரன் ஓரியண்டேஷன்னு ஒரு நாள் வச்சி டீயும் சமோசாவும் குடுத்து அனுப்பிடுவான். இவன்கிட்ட டீய நீ வாங்கிக் குடு.

நம்ம ஜனங்களும் எல்லா நேரமும் ஒரே மாதிரி இல்ல. 2023 மார்ச்ல எவனோ பொய் வீடியோ போட்டான், தமிழ்நாட்டுல பீகார்காரன அடிக்கறாங்கன்னு. பாதி பேரு பயந்து மூட்டையக் கட்டிட்டானுங்க. பீகார் சர்க்கார் ஆளுங்களே வந்து பாத்துட்டு, பொய்யின்னு தெரிஞ்சிக்கினு போனாங்க. மறுவருஷம் அக்டோபர் 11, ஆயுத பூஜை ராத்திரி, மைசூர்லருந்து தர்பங்கா போற பாக்மதி எக்ஸ்பிரஸ் நம்ம கவரப்பேட்டையில நின்னுக்கினு இருந்த கூட்ஸ் மேல மோதுச்சு. ஆயிரத்துக்கு மேல ஜனங்க. ஒரு உயிரு போவல, அது சாமி செயல். அந்த இருட்டுல நம்ம ஊரு பசங்க டார்ச் எடுத்துக்கினு ஓடுனானுங்க. ஜனங்கள மண்டபத்துல குந்த வச்சி, விடியறதுக்குள்ள சென்ட்ரல்லருந்து வேற வண்டியில ஏத்தி அனுப்பி வச்சாங்க. உங்க பாட்டிக்கு இந்தியில ஒரு எழுத்து தெரியாது. சொம்புத் தண்ணிய நீட்டுனா, வாங்குனவ அவ பாஷையில இன்னாவோ சொன்னா, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதாங்க. மறுநாள் காலையில அதே பாட்டி, தெருமுனையில பான் எச்சி துப்புனான்னு ஒரு பீகார் பையன வெளக்குமாத்தோட தொரத்துனா. இதுதான் நம்ம ஊரு, டெல்லியும் இப்படித்தான் இருக்கும். தண்ணி குடுக்கற கையும் வெளக்குமாறு எடுக்கற கையும் ஒரே கைதான், நீ ரெண்டுக்கும் தயாரா போ.

சாப்பாடு பத்தி உங்கம்மா மூணு பாட்டில் ஊறுகா, ரெண்டு கிலோ பருப்புப் பொடி கட்டியிருக்காளாம். எடுத்துக்கினு போ, ரயில்லயே பாதி காலியாவும். ஆனா மூணு வருஷம் ஊறுகாய நக்கிக்கினு, தமிழ்ப் பசங்களா நாலு பேரு ஒரே ரூமுல கதவச் சாத்திக்கினு, கோயம்பேடு காய்கறி வெல பேசிக்கினு படிப்ப முடிக்கறதா இருந்தா, அதுக்கு மீஞ்சூர்லயே ரூமு கெடைக்கும், வாடகையும் கம்மி. ஆர்.கே.புரத்துல தமிழ்ச் சங்கம் இருக்குது, 1946லருந்து இருக்குது, பொங்கலுக்குப் போ, மனசு பாரமா இருந்தா போ. தெனமும் போவாத. ராஜ்மாவ மொத வாரம் திட்டுவ, மூணாவது மாசம் ரெண்டாவது கரண்டி கேப்ப. குளிருக்கு இங்க வாங்குன ஸ்வெட்டர நம்பாத. டிசம்பர் கடைசியில அது வெறும் பனியன்தான். அங்கயே வாங்கு.

பொம்பளப் புள்ளைங்க விஷயத்துல நம்ம ஊரு அப்பனுங்களுக்கு ஒரு தனி அறிவு. அமெரிக்கா மாப்பிள்ளைன்னா மூணே வாரத்துல பாஸ்போர்ட் எடுத்து, கடன் வாங்கி, பொண்ண ஃப்ளைட்ல ஏத்திடுவான். ஐதராபாத் யுனிவர்சிட்டியில சீட்டு கெடச்சிருக்குதுப்பான்னா ‘அவ்ளோ தூரமா, பொம்பளப் புள்ள தனியா எப்படி’ம்பான். அமெரிக்கா எந்த ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன்னு எனக்குத் தெரியல. உன் தங்கச்சிக்கு மார்க்கு உன்ன விட அதிகமாமே? அடுத்த வருஷம் அவ ஃபார்ம் போடறப்ப உங்கப்பன்கிட்ட பேச வேண்டியது நீ. சீட்டு வாங்குன அண்ணன் அன்னிக்கு வாய் தொறக்கலன்னா, நான் இந்தத் திண்ணையிலருந்தே கேப்பேன், தெரு பூரா கேக்கற மாதிரி.

சிரிச்சது போதும், இத்த எழுதி வச்சிக்கோ. காலேஜ்காரன் அசல் சர்டிபிகேட்ட வாங்கி சரி பாக்கலாம், புடிச்சி வச்சிக்கக் கூடாது. 2018லயே யு.ஜி.சி. எழுதிக் குடுத்துடுச்சு. ரேகிங் பண்ணா பொறுத்துக்கினு போவாத. 1996ல நம்ம சிதம்பரத்துலயே ஒரு டாக்டருக்குப் படிக்கற புள்ளய எழந்தோம், அதுக்கப்புறம்தான் அடுத்த வருஷம் இங்க சட்டமே வந்துச்சு. நாடு பூராவுக்கும் ஒரு நம்பர் இருக்குது, 1800-180-5522. மனசு ஒடிஞ்சி போச்சுன்னா, யார்கிட்டயும் சொல்ல முடியலன்னா, 14416 போடு. டெலி மானஸ்னு சர்க்கார் நடத்தறது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். அதுக்கும் வெக்கமா இருந்தா எனக்குப் போடு. எனக்குத் தூக்கம் வர்றதே விடியக்காலை மூணு மணிக்குதான். ஃபெயில் ஆனாலும் சொல்லு, காதல்னாலும் சொல்லு. ஃபெயில உங்கப்பன்கிட்ட நான் பேசிக்கறேன். காதல உங்க பாட்டி பேசிப்பா.

கடைசியா டிக்கெட்டு. தீபாவளிக்கு வூட்டுக்கு வரணும்னா முந்தின வாரம் யோசிக்காத. ரயில்ல 60 நாளைக்கு முன்னாடி, காலையில 8 மணிக்கு ரிசர்வேஷன் தொறக்குது. எட்டு அஞ்சுக்கு வெயிட்டிங் லிஸ்ட்டு. எப்படிப் போடறதுன்னு தெரியலன்னா லைன் வூட்ல மூணாவது ரூமு பீகார் பையனக் கேளு. தீபாவளி முடிஞ்சி ஆறாவது நாளு சாத் பண்டிகைக்கு ஊரு போய்ச் சேர, அவன் வருஷா வருஷம் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு தூங்காம அந்த எட்டு மணிக்குதான் செல்லப் புடிச்சிக்கினு குந்தியிருக்கான்.